பட்டாசு முதலாளி மகள்

மாரிசெல்வி இங்கிலாந்திலிருந்து திரும்பி நான்கு வாரம் ஆகிவிட்டது. ஆமத்தூரில் பார்க்கிறவர்கள் எல்லாம் இன்னும் அதே மூன்று கேள்விகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அங்கன ரொம்பக் குளுருமா? சோறு கெடச்சுச்சா? வெள்ளக்காரப் புள்ளைக உன்கிட்ட பேசுச்சா?"

குளிரும், கிடைத்தது, பேசினார்கள். மூன்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிடுவாள். விருதுநகர்க் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு கணிதம் படிக்கிற பெண், உதவித்தொகைத் தேர்வு எழுதி ஜெயித்து, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம், அதாவது முழுசாக எட்டு வாரம், விருந்தினர் மாணவியாகப் படித்துவிட்டு வந்திருக்கிறாள். அந்தத் தெருவுக்கே அது பெருமைதான்.

அங்கே ஏதாவது பொய் சொன்னாயா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சிரிப்பு நின்றிருக்கும்.

அந்தப் பொய் இன்று மத்தியானம் ஒரு மணி ரயிலில் விருதுநகருக்கு வந்து இறங்கப்போகிறது. அதன் பெயர் நோரா.

நோரா அமெரிக்கப் பெண். அர்க்கன்சா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். மாரிசெல்வியைப் போலவே ஒரு பருவத்துக்கு மட்டும் வந்தவள். விடுதியில் எதிர் அறை. பருவம் முடிந்ததும் முதுகில் ஒரு பெரிய பையை மாட்டிக்கொண்டு இந்தியாவைச் சுற்றக் கிளம்பிவிட்டாள். கொச்சி, மதுரை, அடுத்து ஆமத்தூர்.

காலை ஆறரை மணி. வேலுத்தாய் அடுப்படியில் சுறுசுறுப்பாக இருந்தாள். மகளின் தோழி வருகிறாள் என்று கம்பெனியில் லீவு சொல்லிவிட்டிருந்தாள். அவள் லீவு போடுவது பெரிய விஷயம்.

"ஏ செல்வி, கறிக்கடையில ஒரு நாட்டுக்கோளி சொல்லி வச்சிருக்கேன். அந்தப் புள்ள காரம் தாங்குமா?"

"கோழியா? அவ கோழி சாப்பிட மாட்டாம்மா."

"அதென்ன, அம்புட்டுத் தூரம் தாண்டி வந்து கோளி திங்காத வெள்ளக்காரி?"

"அவுக அம்மா கோழிக்கறி வெட்டிப் பாக்கெட் போடுற ஃபேக்டரியில வேலை பாக்குறாக. நைட் ஷிஃப்ட்டு. சின்னதுல இருந்து அந்த வாடையிலயே வளந்ததுனால இவளுக்கு ஆகாது."

"பாவம்" என்றாள் வேலுத்தாய். கரண்டியால் ரசத்தைக் கலக்கிக்கொண்டே சும்மா கேட்டாள். "நான் என்ன வேலை பாக்குறேன்னு அவளுக்குத் தெரியுமா?"

மாரிசெல்வி தேவையில்லாமல் தண்ணீர்க் குடத்தை நகர்த்தி வைத்தாள்.

வேலுத்தாய் திரும்பிப் பார்த்தாள். பெற்றவளுக்கு அந்த முகம் போதும். "என்ன சொல்லி வச்சிருக்க?"

வேறு வழியில்லை. சொன்னாள்.

போன முதல் ராத்திரியே நடந்த விஷயம் அது. பெரிய சாப்பாட்டுக் கூடம், நீள மேசை, எல்லாருக்கும் கறுப்பு அங்கி. எந்தக் கரண்டியை முதலில் எடுப்பது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அரை மணி நேரமாக யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் ஒருவன் கேட்டான், உங்கள் குடும்பம் என்ன செய்கிறது என்று. பட்டாசு என்றாள். "ஓ, உங்களுக்குப் பட்டாசுத் தொழிற்சாலை இருக்கிறதா!" என்று அவன் கத்தியதில் மேசையே அவளைத் திரும்பிப் பார்த்தது.

ஆமாம் என்று வாய் சொல்லிவிட்டது.

மறுநாள் திருத்திவிடலாம் என்று நினைத்தாள். அந்த மறுநாள் வரவே இல்லை. 'பட்டாசு இளவரசி' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். நவம்பர் ஐந்தாம் தேதி அந்த ஊரில் வாணவேடிக்கை விடுகிற நாள். மைதானத்தில் ஒவ்வொரு ராக்கெட் வெடித்ததும் தோழிகள் வானத்தை விட்டுவிட்டு இவள் முகத்தைப் பார்த்தார்கள், மார்க் கேட்டு. இவளும் மார்க் போட்டாள். பச்சைக்கு ஏழு. சிவப்புக்கு ஒன்பது.

முற்றத்தில் முகச்சவரம் செய்துகொண்டிருந்த சங்கிலிமுத்து இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பாதிக் கன்னம் நுரையோடு உள்ளே வந்தார். வேலுத்தாய் கூலிக்குப் போகிற அதே பட்டாசுக் கம்பெனியில் அவர் லோடு வண்டி ஓட்டுகிறவர்.

"அப்பிடின்னா, நான் முதலாளியா?"

"அப்பா, சும்மா இருங்கப்பா."

"ஏன் இருக்கணும்? ஒரு நாளுதான? சீனிவாசகம் டாக்சி வெள்ளக் காருதான். கேட்டா குடுத்துருவான். கலியாணத்துக்கு எடுத்த வேட்டி இருக்கு. நம்ம மொதலாளி எப்பிடி நடப்பாருன்னு எனக்குத் தெரியாதா? இருபது வருசமாப் பாக்குறேன்." வயிற்றை முன்னால் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டி, இரண்டு அடி நடந்தும் காட்டினார்.

மாரிசெல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

வேலுத்தாய் திட்டவில்லை. அடுப்பை அணைத்தாள். ஆணியில் தொங்கிய பழைய வேலைச் சட்டையை எடுத்துச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டாள். தலையில் துணியைக் கட்டினாள்.

"எங்கம்மா போற? லீவு சொல்லிட்டியே?"

"மொதலாளி வீட்டுல பட்டாசுக்கு மருந்து செலுத்துறவளுக்கு என்ன சோலி? அப்பனும் மகளுமா விருந்தாளியக் கவனிச்சுக்கோங்க."

தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. வேலுத்தாய் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விருதுநகர் ஸ்டேஷனில் நோராவைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மற்றவர்களை விட ஒரு முழம் உயரமாக, செம்பட்டை முடியும் தோளில் பையுமாக, கொச்சியில் வாங்கிய சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். மாரிசெல்வியைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் வாய் மூடவில்லை. வழியெல்லாம் பட்டாசுக் கடை விளம்பரங்கள். ஒவ்வொன்றையும் காட்டிக் கேட்டாள். "இது உங்களுடையதா? இது? உங்கள் தொழிற்சாலைக்கு எப்போது போகிறோம்? இன்றைக்கே பார்க்கலாமா?"

மாரிசெல்வியின் சட்டைப் பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. அப்பாதான். 'கார் நாலு மணிக்குத்தான் வரும். அது வரை சமாளி' என்று குறுஞ்செய்தி.

சமாளிக்கலாம்தான். எட்டு வாரம் சமாளித்தவளுக்கு எட்டு மணி நேரம் பெரிதில்லை. ஆனால் காலையில் அம்மா தலைத்துணியைக் கட்டிய விதம் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆமத்தூர் நிறுத்தத்தில் இறங்கினார்கள். பஸ் போனதும் நிழற்குடையின் கீழ் நோராவை நிறுத்தினாள்.

"எங்களுக்குத் தொழிற்சாலை கிடையாது" என்றாள். "அம்மா ஒரு பட்டாசுக் கம்பெனியில் கூலிக்கு வேலை செய்கிறார். அப்பா வண்டி ஓட்டுகிறார். நான் உங்கள் எல்லாரிடமும் பொய் சொன்னேன்."

நோரா முதலில் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. அப்புறம் சிரிப்பு மெல்ல நின்றது. பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.

"என் அம்மாவைப் பற்றி அங்கே நான் எத்தனை பேரிடம் சொன்னேன் தெரியுமா?"

"என்னிடம் மட்டும்தான்."

"மூன்றாவது வாரம். உன் அறையில். எனக்கு அழுகை வந்தது. நீ டீ போட்டுக் கொடுத்தாய். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்."

"நான் சிரிப்பேன் என்று நினைத்தாயா?"

"இல்லை. என்னைப் பாவமாகப் பார்ப்பாய் என்று பயந்தேன்."

"அன்றைக்கு நீ என்னைப் பாவமாகவா பார்த்தாய்?"

மாரிசெல்வி இல்லை என்று தலையாட்டினாள்.

நோராவின் முகம் சிவந்து போயிருந்தது. ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். தூரத்தில் இன்னொரு பஸ் வந்தது. நோரா குனிந்து பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். போகப்போகிறாள் என்றுதான் மாரிசெல்வி நினைத்தாள்.

"இந்த பஸ் எங்கே போகிறது?"

"சிவகாசிக்கு."

"உன் அம்மா வேலை செய்யும் இடம்?"

"அந்தப் பக்கம்தான்."

"ஏறு" என்றாள் நோரா.

திருத்தங்கலில் இறங்கி ஒரு கடையில் பரோட்டா சாப்பிட்டார்கள். நோராவின் கோபம் தீரவில்லை. சாப்பிட்டு முடிக்கும் வரை அவள் பேசிய ஒரே வார்த்தை "இன்னொன்று". அதையும் நான்கு முறை சொன்னாள். கடைக்காரர் சந்தோஷப்பட்டு சால்னாவை வாளியோடு கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டார்.

அங்கிருந்து ஆட்டோ பிடித்து நாரணாபுரம் பக்கம் போனார்கள். கம்பெனி வாசல் டீக்கடையில் இருப்போம் என்று மட்டும் மாரிசெல்வி அப்பாவுக்குச் செய்தி அனுப்பினாள். கம்பெனி கேட்டுக்கு எதிரே, ரோட்டைத் தாண்டி, வள்ளித்தாயின் டீக்கடை. வெளி ஆட்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. போன் கொண்டுபோகக் கூடாது என்று பெரிய பலகை. வாட்ச்மேன் பெத்தணன் நோராவை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, "ஜில்லா கலெக்டரே வந்தாலும் கேட்டுத்தான் உள்ள விடுவேன்" என்று முன்ஜாக்கிரதையாகச் சொல்லிக்கொண்டார்.

வேலிக்கு அப்பால் வெயிலில் சின்னச் சின்ன அறைகள், வரிசை வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெறும் தரை.

"ஏன் இவ்வளவு தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள்?"

"ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் பரவக் கூடாது."

நோரா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "உன் அம்மா எந்த அறையில் இருக்கிறார்?"

மாரிசெல்வி அறைகளை வரிசையாகப் பார்த்தாள். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா இங்கேதான் வேலைக்கு வருகிறாள். எந்த அறை என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

"தெரியாது" என்றாள். அதைச் சொல்வதற்கு, காலையில் அம்மாவிடம் சொன்னதை விடக் கஷ்டமாக இருந்தது. நோரா பெஞ்சில் தன் பக்கம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். மாரிசெல்வி உட்கார்ந்தாள்.

ஐந்தே கால் மணிக்கு ஒரு வெள்ளைக் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து டீக்கடை வாசலில் நின்றது. கதவு திறந்தது. முதலில் பளபளக்கும் செருப்பு. அப்புறம் சரிகை வேட்டி. கடைசியாகக் கறுப்புக் கண்ணாடியோடு சங்கிலிமுத்து. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வயிற்றை முன்னால் விட்டு, மெதுவாக நடந்து வந்தார்.

"வெல்கம், வெல்கம். ஐ ஆம் ஓனர்" என்றார்.

எதிரே கேட்டிலிருந்து பெத்தணனின் குரல் வந்தது. "ஏலே சங்கிலி! லோடு ஏத்த கார்லயாலே வந்திருக்க?"

நோராவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரலையும், சங்கிலிமுத்துவின் வயிறு சடாரென்று உள்ளே போனதையும் புரிந்துகொள்ளத் தமிழ் தேவைப்படவில்லை. மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வெடித்ததுபோல் சிரித்தாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வள்ளித்தாயும் என்ன ஏது என்று தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

"அப்பா, அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

சங்கிலிமுத்து கண்ணாடியைக் கழற்றினார். "சொல்லிட்டியா? அடக் கொடுமையே. இந்தச் சட்டைக்கு ரெண்டு தரம் இஸ்திரி போட்டேன் தாயி."

உள்ளே மணி அடித்தது. கேட் திறந்து பெண்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். முகம் கை கால் கழுவி, தலைத்துணியை உதறிக்கொண்டு, கும்பல் கும்பலாக. நாலாவது கும்பலில் வேலுத்தாய். டீக்கடையில் நிற்கிறவர்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். முந்தானையால் கையை மறைத்துக்கொண்டாள்.

மாரிசெல்வி ரோட்டைக் கடந்து ஓடினாள். மறைத்த கையை வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு கழுவினாலும் போகாத அலுமினியத் தூள், நகக்கண்ணிலும் விரல் மடிப்பிலும் மின்னியது. அந்தக் கையைப் பிடித்தபடியே நோராவிடம் கூட்டி வந்து, ஆங்கிலத்தில் சொன்னாள்.

வேலுத்தாய் குறுக்கிட்டாள். "என்ன சொன்ன? தமிள்ல சொல்லு."

"அம்மா…"

"எங்க எல்லாருக்கும் வெளங்கட்டும். சொல்லு."

பின்னால் நாற்பது ஐம்பது பெண்கள் வேனில் ஏறாமல் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாரிசெல்வி குரலைச் சரிசெய்துகொண்டாள்.

"இது எங்கம்மா வேலுத்தாய். பதினாறு வருசமா இந்தக் கம்பெனியில புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துது. எங்களுக்கு ஃபேக்டரி எல்லாம் கெடையாது. நான் சொன்னது பொய்."

வேலுத்தாய் ஒரு நிமிடம் மகளைப் பார்த்தாள்.

"பதினாறு இல்ல. பத்தொம்பது" என்றாள். "கணக்குப் படிக்கப் போன புள்ளைக்கு இது தெரியல."

கூட்டம் சிரித்தது.

"எந்த ரூம்மா?" என்று கேட்டாள் மாரிசெல்வி.

"பதினேளாம் நம்பர். வேப்ப மரத்துக்குக் கெளக்கால. ஏன், வந்து செலுத்தப் போறியா?"

நோரா இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொன்னாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள். முகம் மலர்ந்தது. அவள் ஊரில் அப்போது காலை ஆறு மணி. நைட் ஷிஃப்ட் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருக்கும் நேரம். போனை எடுத்து வீடியோ அழைப்புப் போட்டாள்.

திரையில் ஓர் அம்மா வந்தாள். ஐம்பது வயது இருக்கும். தலையில் வலைத்தொப்பி இன்னும் கழற்றவில்லை. களைத்த கண். பெயர் டார்லீன் என்றாள் நோரா.

வேலுத்தாய் போனைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்தாள். "இவுகளும் நம்மள மாதிரித்தான் தலையக் கட்டிக்கிட்டு வேலை பாக்குறாகளா?" என்றாள். பின்னாலிருந்து பத்துத் தலைகள் எட்டிப் பார்த்தன.

"சாப்பிட்டீகளா?" என்று போனைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள், தூரம் அதிகம் என்பதால்.

மாரிசெல்வி மொழிபெயர்த்தாள். டார்லீன் சொன்னதையும் திருப்பிச் சொன்னாள். "இப்பத்தான் வேலை முடிஞ்சு வந்தாகளாம். இனிமேத்தான் சாப்பிடணுமாம்."

"நானும் இப்பத்தான் முடிஞ்சு வர்றேன்னு சொல்லு. நின்ன வேலையா உக்காந்த வேலையான்னு கேளு."

"பத்து மணி நேரமும் நின்னுக்கிட்டேதானாம்."

"ஆத்தாடி! நமக்காச்சும் உக்காந்த வேலை. சுடுதண்ணியில கால வைக்கச் சொல்லு புள்ள."

அங்கே டார்லீன் தன் கையைத் தூக்கிக் காட்டினாள். ஈரத்தில் ஊறி ஊறி வெளுத்துச் சுருங்கிய விரல்கள். இங்கே வேலுத்தாயும் தன் கையைத் திரைக்கு நேரே பிடித்தாள். டார்லீன் ஆச்சரியமாக ஏதோ கேட்டாள்.

"கை ஏன் இப்பிடி மின்னுது, வெள்ளியான்னு கேக்குறாக."

வேலுத்தாய் ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தாள். காலையிலிருந்து இறுகியிருந்த உதட்டோரம் மெல்ல அசைந்தது.

"ஆமா, வெள்ளிதான்னு சொல்லு. நாமதான் மொதலாளி வீடாச்சே!"

மாரிசெல்வி சிரித்தபோது கண்ணீரும் சேர்ந்து வந்தது. வேனில் கை வைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி தட்டிக்கொண்டு சிரித்தார்கள். டிரைவர் மூன்று முறை ஹாரன் அடித்தும் யாரும் அசையவில்லை.

வீட்டுக்குக் காரிலேயே போனார்கள். சரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சங்கிலிமுத்து ஓட்டினார். அவருக்குப் பக்கத்தில் நோராவின் பை. பின் சீட்டில் நடுவில் வேலுத்தாய், இரண்டு பக்கமும் பெண்கள். கோழி சாப்பிடாத விருந்தாளிக்கு என்ன சமைப்பது என்று பேச்சு ஓடியது. பருப்பு உருண்டைக் குழம்பு என்று முடிவானது. வெளியே வெயில் தாழ்ந்து, கருவேலங்காட்டுக்கு மேல் வானம் செம்மண் நிறமாகியிருந்தது. மாரிசெல்வி அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். இந்த நான்கு வாரத்தில் இப்படி நிம்மதியாக மூச்சு விட்டதே இல்லை.

அப்போதுதான் நோரா, வேலுத்தாய்க்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, ரொம்ப இயல்பாகக் கேட்டாள்.

"மறந்தே போனேன். உன் கணிதப் பேராசிரியர் டாக்டர் பிரைஸ் உன்னிடம் கேட்கச் சொன்னார். அவருடைய கடிதத்துக்கு ஏன் இன்னும் பதில் போடவில்லை? ஆக்ஸ்போர்டிலேயே முதுகலைக்கு உனக்கு இடமும் பணமும் வாங்கி வைத்திருக்கிறாராம். பத்தாம் தேதிக்குள் சொல்ல வேண்டுமாமே?"

மாரிசெல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வேலுத்தாய்க்கு அந்தப் பேச்சில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் தோளில் கிடந்த தலை சட்டென்று விலகியது விளங்கியது.

"என்ன சொல்லுதா?"

ஒரு வருடம். எட்டு வாரம் இல்லை, முழுசாக ஒரு வருடம். கேட்டால் அம்மா யோசிக்கக்கூட மாட்டாள், போ என்றுதான் சொல்வாள், சொல்லிவிட்டு மறுநாளும் பதினேழாம் நம்பருக்கு மருந்து செலுத்தப் போய்விடுவாள். அது தெரிந்ததனால்தான் மாரிசெல்வி கேட்கவே இல்லை.

"ஏ புள்ள, உன்னத்தான். என்ன சொல்லுதா அவ?"

மாரிசெல்வி முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னாள்.

"அப்பா, வண்டியக் கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க. அம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும்."